முப்பத்தாறு மணி, இருபத்து நான்கு நிமிடம்

அத்தியாயம் 9

விசாரணை மாலை நான்கு மணிக்கு. அதற்குள் என் முன்னாள் நாத்தனார் ஒரு மனிதரைச் சாகவிட்டாளா இல்லையா என்று நான் சொல்லியாக வேண்டும். மணி அப்போது பத்து. மேஜைமேல் அவள் கைப்பட எழுதிய வார்டு நோட்டும், இயந்திரக் கம்பெனியின் ஒற்றைப் பக்க அறிக்கையும், ஸ்பேனர் கடித்துவிட்டு மறந்த பாதி பிஸ்கட்டும் இருந்தன.

ஸ்பேனர் என் உதவியாளன். எட்டு வருடம் ரேடியோ ரிப்பேர் கடையில் இருந்தவன். கடை மூடியது, பட்டப்பெயர் மட்டும் அவனோடு வந்துவிட்டது.

"கம்பெனிக்காரன் எழுதினதைப் படிச்சீங்களாக்கா? மெஷினைக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போனோம், எங்க இடத்துல ஓட்டிப் பார்த்தோம், அருமையா கத்துச்சு. ஆகவே நர்ஸ்தான் சத்தத்தை அணைச்சிருக்கணும். 'ஆகவே'வை எவ்வளவு தைரியமா போட்டிருக்கான் பாருங்க."

"அவ அணைக்கலைங்கறா."

"அணைச்சவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அணைக்காதவங்களும் அப்படித்தான் சொல்வாங்க. அதான் நம்ம தொழிலே ஓடுது."

நடந்தது இவ்வளவுதான். போன புதன்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, மேல்மாடி வார்டின் ஆறாம் கட்டிலில் இருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்கு நாடித்துடிப்பு விழத் தொடங்கியது. தலைமாட்டில் இருந்த இயந்திரம், விரலில் மாட்டிய கிளிப் வழியாக அதைப் படித்துத் திரையில் காட்டியது. நாற்பதுக்குக் கீழே போனால் அது கத்தவும் வேண்டும். கத்தவில்லை. வார்டின் மறுகோடியில் திரைச்சீலைக்குப் பின்னால் வேறொருவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த என் நாத்தனார் அங்கே வந்தபோது பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. மருந்து வாங்கப் போயிருந்த மகள் திரும்பியபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

அந்த வார்டுக்கு அவள்தான் பெரிய நர்ஸ். அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று தீர்ப்பு பாதகமாக வந்தால் வேலை போகும், அதற்கப்புறம் போலீஸ்.

ஆறு வருடமாக ஒரு வார்த்தை பேசாதவள் நேராக என் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து, அண்ணி என்றாள். அவள் அண்ணனை நான் விட்டுவந்த பிறகும், அந்தக் குடும்பத்தில் அவள் ஒருத்திதான் என்னை இன்னும் அண்ணி என்கிறாள். என் சமையலறை டப்பாக்களை நான் இல்லாத நேரத்தில் உயரவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டிவிட்டுப் போனவள். வழக்கை ஏற்றுக்கொண்டபோது என் மனத்தின் ஏதோ ஒரு மூலை, இவள் தப்பு செய்திருக்கட்டும் என்று ஆசைப்பட்டது. அதை எனக்கு நானே மறைக்க முடியவில்லை. வாழ்நாளெல்லாம் சரியாகவே இருந்தவள் ஒரே ஒரு முறை.

நோட்டைப் புரட்டினேன். பொய்யாகக் கத்திய சத்தத்தைக்கூட அவள் எழுதாமல் விடவில்லை. ஆறாம் கட்டில், திங்கள் காலை 8.10, இயந்திரம் போட்டது. 10.40, வயர் தளர்ந்தது, கத்தியது, சரிசெய்தேன். செவ்வாய் காலை 7.30, கை கழுவ விரல் கிளிப்பைக் கழற்றினார், கத்தியது, மாட்டினேன். அவள் வீட்டுக்குப் போன நேரங்களிலும் அதே முறைதான், எழுதியது மட்டும் வேறு கை. செவ்வாய் இரவு 8.15, இருமினார், கத்தியது.

புதன் காலை 7.30. கை கழுவ கிளிப்பைக் கழற்றினார். மாட்டினேன்.

விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டேன்.

"ஸ்பேனர், செவ்வாய்க்கிழமை கிளிப்பைக் கழட்டினப்ப கத்துச்சு. புதன்கிழமை கழட்டினப்ப?"

அவன் குனிந்து படித்தான். பிஸ்கட் வாயருகே நின்றது. "கத்தினா எழுதியிருப்பாங்க. தும்மினா எழுதறவங்க."

"அப்ப அந்த ஆள் சாகறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடியே மெஷின் ஊமையாகிடுச்சு. செவ்வாய் ராத்திரி எட்டே காலுக்கும் புதன் காலை ஏழரைக்கும் நடுவுல எப்பவோ."

"அதைத் தன் கையால எழுதியும் கவனிக்கலை."

ஆமாம். சத்தம் இருந்தால் கவனிக்கலாம். இல்லாததை யார் கவனிக்கிறார்கள்? நானும் ஒரு வீட்டில் மூன்று வருட மௌனத்தை நிம்மதி என்று நினைத்துக்கொண்டு குடியிருந்தவள்தான்.

பதினொரு மணிக்கு மருத்துவமனையில் இருந்தோம். இரண்டு மாதத்துக்கு முன் ஒரே நாளில் இறக்கிய ஒரே மாதிரி இயந்திரங்கள், கீழ் வார்டில் எட்டு, மேல் வார்டில் எட்டு. கீழ் வார்டு நர்ஸ் சத்தியம் செய்யாத குறை. "எங்க மெஷினா? கத்திக் கத்தியே எங்க காதைப் போக்கிடும். ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை."

"மேல மட்டும் ஏன் இப்படி?"

"அதை மேல கேளுங்க."

மேலே போனோம். எட்டுக் கட்டிலில் நான்காவதில் மட்டும் ஒருவர் இயந்திரத்தோடு இருந்தார். பள்ளி ஆசிரியை. மடியில் விடைத்தாள் கட்டு, கையில் சிவப்புப் பேனா. முந்தாநாள் மாலை ஆறு மணிக்குச் சேர்த்தார்கள் என்று அட்டை சொன்னது. தலைக்கு மேல் பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு வேறு ஒன்று உறுத்தியது.

"ஸ்பேனர், கீழே தரையில உன் மூஞ்சி தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. தலை வாரிக்கணும்னு அப்பதான் புரிஞ்சுது."

"இங்க?"

குனிந்து பார்த்தான். சுத்தமான தரைதான், ஒரு பொட்டுத் தூசி இல்லை. பளபளப்பு மட்டும் இல்லை. "துணியால துடைச்சிருக்காங்க. பாலிஷ் மெஷின் ஓட்டலை."

டப்பாக்களை உயரவாரியாக அடுக்குகிறவளின் வார்டில் தரை மங்கல். பதில் சுவரில் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே, அவளுடைய அச்சுப் போன்ற கையெழுத்தில்: என் அனுமதியின்றிக் கழற்றக் கூடாது.

துப்புரவுப் பணிப்பெண்ணை மாடிப்படியின் அடியில் கண்டுபிடித்தோம். பாலிஷ் இயந்திரத்தின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் வேகமாகச் சுருட்டினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

"நாங்க இன்னும் ஒண்ணுமே கேக்கலையேம்மா," என்றான் ஸ்பேனர். "தரையைப் பாராட்டலாம்னு வந்தோம்."

அவர் உட்கார்ந்துவிட்டார். கீழ் வார்டில் கட்டிலுக்கு ஒரு பிளக்தான். பாலிஷ் ஓட்ட வேண்டுமானால் எதையாவது பிடுங்கியாக வேண்டும். இயந்திரத்துக்கு பேட்டரி தனி விலை, மருத்துவமனை அதை வாங்கவில்லை. தினமும் காலையில் ஒவ்வொரு கட்டிலிலும் ஐந்து நிமிடம் பிடுங்கிவிட்டு மறுபடி சொருகுவாராம். கீழ் நர்ஸ் கண்டுகொள்வதில்லை.

"மேல?"

"மேல அந்தம்மா விடாது. ஒரு நாள் பிளக்குல கை வெச்சேன். 'உயிரைப் பிடிச்சுக்கிட்டிருக்கற வயர் இது, உங்க தரைக்காக பிடுங்குவீங்களா'ன்னு கேட்டுச்சு. சரின்னு அன்னையிலேர்ந்து முட்டி போட்டுத் துணியாலதான் துடைக்கறேன்." என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "நான் கீழ பிடுங்கினதுதான் தப்பாகிடுச்சாம்மா?"

பதில் எனக்குத் தெரியத் தொடங்கியிருந்தது.

இயந்திரத்துக்குள் ஓடும் புரோகிராமை விசாரணை அதிகாரி கம்பெனியிடமிருந்து அச்செடுத்து வாங்கித் தந்திருந்தார். எங்களுக்கு அது எறும்பு ஊர்ந்த மாதிரி. முதன்முதலில் அதை எழுதியவரை ஸ்பேனர் இரண்டு நாள் அலைந்து பிடித்திருந்தான். நான்கு வருடம் முன்பே கம்பெனியை விட்டுவிட்டு, வீட்டிலிருந்து லிஃப்ட்டுகளுக்கு புரோகிராம் எழுதும் ஒரு பெண்மணி. ஒரு மணிக்கு அவர் மேஜைமுன் உட்கார்ந்தோம். தாள்களை அவர் படிக்கும் வேகத்தில், தான் எழுதிய பழைய கடிதங்களைப் பார்க்கிறவரின் கூச்சம் இருந்தது.

"புரோகிராமுக்குள்ள ரெண்டு பேர் வேலை செய்யறாங்கன்னு வெச்சுக்கங்க," என்றார். "ஒருத்தன் ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை நாடித்துடிப்பை ஒரு சீட்டுல எழுதி, வட்டமா இருக்கற அறைகள்ல வரிசையா போட்டுக்கிட்டே போவான். இன்னொருத்தன் பின்னாடியே வந்து எடுத்துப் படிப்பான். எண் குறைஞ்சிருந்தா சத்தம் போடுவான். நடுவுல பூட்டு கிடையாது. பூட்டு போட்டா ஒருத்தனுக்காக இன்னொருத்தன் காத்து நிக்கணும். உயிர் விஷயத்துல எவனும் காத்து நிக்கக்கூடாதுன்னுதான் பூட்டில்லாம எழுதினேன்."

"பூட்டு இல்லேன்னா ரெண்டு பேரும் அடிச்சுக்க மாட்டாங்களா?"

"போட்டவன் எத்தனை போட்டேன்னு ஒரு எண் வெச்சிருப்பான், எடுத்தவன் எத்தனை எடுத்தேன்னு ஒண்ணு. அடுத்தவன் எண்ணைத் தொடக்கூடாது, பார்க்கலாம். அதை ஒரே பார்வையில பார்த்துடணும். நான் எழுதின காலத்துப் பழைய சிப்புக்கு ஒரு பார்வையில பதினாறு பிட்தான், அதாவது பூஜ்யமும் ஒண்ணுமா பதினாறு இலக்கம்தான் தெரியும். அதைவிட அகலமா எண்ணை வெச்சா ரெண்டு தடவை பார்க்கும். நடுவுல அடுத்தவன் மாத்திட்டான்னா பாதி பழசு, பாதி புதுசு. அப்படி ஒரு எண் எப்பவுமே இருந்திருக்காது."

"எங்க சித்தப்பா சொல்ற சுதந்திரப் போராட்டக் கதை மாதிரி," என்றான் ஸ்பேனர்.

அவர் சிரிக்கவில்லை. "அதனால பதினாறு பிட்ல, மைனஸே இல்லாத எண்ணா தேர்ந்தெடுத்தேன். அறுபத்தஞ்சாயிரத்து ஐநூத்து முப்பத்தஞ்சு வரைக்கும் போகும். அடுத்தது மறுபடி பூஜ்யம்."

"பூஜ்யத்துக்கு வந்தா கணக்கு குழம்பிடாதா?" என்று கேட்டேன்.

எழுந்துபோய்ச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பதினொரு மணிக்குப் படுத்து ரெண்டு மணிக்கு எழுந்தா எவ்வளவு நேரம் தூங்கினீங்க?"

"மூணு மணி நேரம்."

"ரெண்டுல பதினொண்ணு போனா மைனஸ் ஒன்பதுன்னு ஏன் சொல்லலை?"

"கடிகாரம்னு தெரியுமே."

"பழைய சிப்புக்கும் அது தெரியும். அது கழிக்கற அகலமும் பதினாறுதான், அதனால விடை தானா வட்டத்துக்குள்ளயே விழும். இப்ப இதுல இருக்கற புது சிப்பு முப்பத்திரண்டு பிட். இதை எழுதின சிங்கற கம்ப்யூட்டர் மொழியில ஒரு விதி உண்டு. சின்ன எண்ணைக் கழிக்கச் சொன்னா, முதல்ல அதைப் பெரிசா விரிச்சுக்கும், மைனஸ் உள்ள எண்ணா. கடிகாரத்தை வெட்டி ஸ்கேலா நீட்டற மாதிரி. ஸ்கேல்ல ரெண்டுல பதினொண்ணு போனா..." தாளின் ஒரு வரியில் விரலை வைத்தார். "படிக்காத சீட்டு பாக்கி இருக்கான்னு தெரிய, போட்டதுல எடுத்ததைக் கழிச்சா பூஜ்யத்தைவிடப் பெரிசா இருக்கான்னு கேக்கறேன். மைனஸ் வந்தா, இல்லை. அவ்வளவுதான். படிக்கறவன் அறையெல்லாம் காலின்னு நினைச்சுத் தூங்கப் போயிடுவான். போடறவன் போட்டுக்கிட்டே இருப்பான். திரை வேற வழியா ஓடுது, அது நல்லா காட்டிக்கிட்டே இருக்கும்."

"மறுபடி எப்ப எழுந்திருப்பான்?"

"எழுந்திருக்கவே மாட்டான். அணைச்சுப் போடற வரைக்கும்."

ஸ்பேனர் ஏற்கெனவே போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அறுபத்தைந்தாயிரத்து ஐநூற்று முப்பத்தாறு சீட்டு, சீட்டுக்கு இரண்டு விநாடி. "முப்பத்தாறு மணி, இருபத்து நாலு நிமிஷம், முப்பத்திரண்டு செகண்ட்."

நோட்டைத் திறந்தேன். திங்கள் காலை 8.10. அதிலிருந்து முப்பத்தாறு மணி இருபத்து நான்கு நிமிடம், செவ்வாய் இரவு 8.34. கடைசியாக அது கத்தியது 8.15. இந்த நேரங்களில் ஒன்றைக்கூட நாங்கள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"கம்பெனியில இதை யாரும் ஓட்டிப் பார்க்கலையா?"

"பார்த்திருப்பாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு வாட்ச்மேன் டெஸ்ட் பெஞ்சோட மெயினை அணைச்சுட்டுப் போவார். என் காலத்துலேயும் அப்படித்தான். அந்த பெஞ்ச்ல ஒரு மெஷினும் ஒரு பகலுக்கு மேல வாழ்ந்ததில்லை." கடிகாரத்தைத் திருப்பி மாட்டப் போனவர் பாதியில் நின்றார். "விடையை மறுபடி பதினாறுக்குள்ள அடக்கணும், ஒரு சொல். இல்லேன்னா முப்பத்திரண்டு பிட் எண்ணா மாத்தியிருக்கணும், புது சிப்புக்கு அதுவும் ஒரே பார்வைதான். சிப்பை மாத்தினாங்க, என் வரியை அப்படியே விட்டாங்க. அன்னைக்கே அந்தச் சொல்லை நான் போட்டிருக்கலாம். எங்களுக்குத் தேவைப்படலை. சரியா ஓடிக்கிட்டிருந்ததுங்க."

சரியாகத்தான் ஓடியிருக்கும். அவரைக் குற்றவாளியாகப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. எதிரில் இருந்தது கவனமான ஒரு முகம். அந்தக் கவனத்தை நான் வேறொரு முகத்தில் பார்த்திருக்கிறேன்.

கதவருகில் செருப்பை மாட்டும்போதுதான் ஸ்பேனர் கேட்டான். கேலி இல்லாத குரல்.

"அக்கா, அந்த டீச்சர் எப்ப சேர்ந்தாங்க?"

முந்தாநாள் மாலை ஆறு. அதோடு முப்பத்தாறு மணி இருபத்து நான்கு நிமிடத்தைக் கூட்டினால் இன்று காலை ஆறு இருபத்து நான்கு. இப்போது மணி இரண்டே கால்.

வார்டுக்குப் போன் செய்தேன். எடுத்த நர்ஸ் சின்னவள், குரலில் தெரிந்தது. "நாலாம் கட்டிலா? நல்லா இருக்காங்கம்மா. பச்சை லைட் எரியுது. காலையிலேர்ந்து ஒரு சத்தம்கூட இல்லை."

"அந்த பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகும்மா. உடனே."

"ஐயோ, அதைத் தொடக்கூடாதுன்னு பெரிய நர்ஸம்மா எழுதி ஒட்டியிருக்காங்களே."

"அவங்களுக்காகத்தான் நான் பேசறேன்."

"அவங்களே வந்து சொல்லட்டும்மா. நான் திட்டு வாங்க முடியாது."

"அப்ப அந்தக் கட்டிலை விட்டு நகராதே. மெஷினை நம்பாதே, திரையையே பார்த்துக்கிட்டு இரு."

ஸ்பேனர் ஸ்கூட்டரை முழு வேகத்தில் விரட்டினான். இரண்டு சிக்னலில் பச்சை விளக்கைப் பார்த்தபோது எனக்கு அந்த நாலாம் கட்டில்தான் கண்ணில் வந்தது.

வார்டை அடைந்தபோது மணி மூன்றாக ஐந்து நிமிடம் இருந்தது. ஆசிரியை இன்னும் திருத்திக்கொண்டிருந்தார், கட்டு பாதியாகியிருந்தது. சின்ன நர்ஸ் பக்கத்தில் நின்றாள். நான் குனிந்து அவர் விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றினேன். திரையில் கோடு படுத்தது. எண் இருந்த இடத்தில் இரண்டு சிறு கோடுகள்.

காத்திருந்தோம். பத்து விநாடி. இருபது. பச்சை விளக்கு எரிந்தது. ஒரு சத்தமும் இல்லை.

"என்னங்க எல்லாரும் இப்படிப் பார்க்கறீங்க," என்றார் ஆசிரியை. "நான் போயிட்டேனா?"

ஸ்பேனர் சுவரில் ஒட்டியிருந்த கையெழுத்தைத் தாண்டிக் கையை நீட்டி பிளக்கைப் பிடுங்கினான். ஐந்து வரை எண்ணிச் சொருகினான். திரை இருண்டு, விழித்து, விரலைத் தேடியது, கிடைக்காமல் வார்டே அதிரக் கத்தியது. சின்ன நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். எட்டரை மணி நேரம் இந்த அம்மாள் வெறும் ஒரு விளக்கின் காவலில் இருந்திருக்கிறார்.

"வீடியோ எடுத்துட்டேன்," என்றான் ஸ்பேனர். "முழுசா. ஊமை, பிளக், கத்தல். இனிமே கம்பெனியோட 'ஆகவே'வை அவனே திரும்பி வாங்கிக்கட்டும். அவங்க மெஷினைக் கழட்டிக்கிட்டுப் போனப்பவே குத்தத்தையும் கழட்டிட்டாங்க."

மேல் வார்டில் தினமும் காலையும் மாலையும் பிளக்கைப் பிடுங்கிச் சொருகச் சொல்லி எழுதி ஒட்டவைத்தேன், அவள் சீட்டுகளின் மேலேயே.

மூன்று ஐம்பதுக்கு விசாரணை அறையின் வாசலில் என் நாத்தனார் நின்றிருந்தாள். பணியிடைநீக்கத்திலும் இஸ்திரி போட்ட உடை. நான் சொல்லச் சொல்ல அவள் தோள்கள் இறங்கின. சிப்பு, சீட்டு, மணிக்கணக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கீழ் வார்டைப் பற்றிச் சொல்லவில்லை. வழியெல்லாம் யோசித்து எடுத்த முடிவு அது.

"அப்ப நான் இல்லை," என்றாள்.

"நீ இல்லை."

கைக்குட்டையை மடித்தாள், மறுபடி மடித்தாள். அவள் மூளை எப்போதும் டப்பா அடுக்கும் மூளை. ஒரு டப்பா குறைந்தால் தெரிந்துவிடும்.

"கீழயும் அதே மெஷின்தானே அண்ணி. அங்க ஏன் யாரும் சாகலை?"

ஸ்பேனர் தன் செருப்பைப் பார்த்தான். நான் பேசாமலிருந்தேன். என் பழைய பழக்கம். இந்த முறை அதை நிம்மதி என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்தது.

"கீழ தினமும் காலையில பாலிஷ் ஓட்டறதுக்காக பிளக்கைப் பிடுங்குவாங்க," என்றேன். "ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிச்சிருக்கு."

அவள் தலையாட்டினாள். ஒரு மருந்தின் அளவைக் கேட்டுக்கொள்வதுபோல. அவள் தப்பு செய்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேனே, அந்த மூலையைத் தேடிப் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். டிரைவரின் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், அப்பாவின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு. வீடியோவை இரண்டு முறை போட்டார்கள். கம்பெனி வக்கீல் இரண்டாவது முறை பார்க்கவில்லை, தன் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் விசாரணை அதிகாரி பேனாவைத் திறந்து, எல்லாம் இந்த ஒரு பதிலில்தான் நிற்கிறது என்று சொல்லிவிட்டுக் கேட்டார்.

"திங்கள் காலையிலிருந்து அவர் இறந்த நேரம் வரை, அந்த இயந்திரத்தை நீங்களோ, உங்கள் வார்டில் வேறு யாருமோ அணைத்தீர்களா? பிளக்கைக் கழற்றினீர்களா?"

அவளைக் காப்பாற்றப் போகும் பதில் அது. என் நாத்தனார் அதிகாரியைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"இல்லை. ஒரு தடவைகூட இல்லை. நான் விடலை."

அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.